சூடானால் நிற்கும் பழைய டிரக்: பார்ட் மாற்றும் முன் பிடிக்க வேண்டிய அந்த அரை மணி நேரம்

வண்டி 1990 மாடல் ஃபோர்டு எஃப்-150. 4.9 லிட்டர், வரிசையாக ஆறு சிலிண்டர் உள்ள பெட்ரோல் இன்ஜின். அதை நடத்துவது ஈஈசி-4 என்கிற அந்தக் காலத்துக் கம்ப்யூட்டர். காலையில் சாவியைத் திருப்பினால் அரை செல்ஃபில் பிடித்துக்கொள்ளும். ஐடிலிங் சீர், இழுவையிலும் குறை கிடையாது. இன்ஜின் நன்றாகச் சூடேறி, சிக்னலில் நின்று கிளம்பும்போதோ மேடு ஏறும்போதோ திடீரென்று அணைந்துவிடும். அதற்கப்புறம் எவ்வளவு செல்ஃப் அடித்தாலும் பிடிக்காது. அரை மணி நேரம் ஓரமாக நிறுத்தினால் ஒன்றுமே நடக்காதது போல ஸ்டார்ட் ஆகும். கொஞ்ச காலம் கழித்து இதோடு இன்னொன்றும் சேர்ந்தது: ஓடிக்கொண்டிருக்கும்போதே கண் இமைக்கும் நேரத்துக்கு ஒரு வெட்டு, உடனே பழையபடி ஓட்டம். ஒர்க்‌ஷாப்புக்குப் போய்ச் சேர்ந்தால் வண்டி சொன்னபடி கேட்கும். "நல்லாத்தானே ஓடுது" என்ற பதிலோடு திரும்ப வேண்டியதுதான்.

இந்தக் கோளாறுக்காக மாற்றப்பட்டவை: பிளக் ஆறு, பிளக் வயர்கள், ஸ்பார்க்கை ஒவ்வொரு பிளக்குக்கும் பிரித்து அனுப்பும் டிஸ்ட்ரிபியூட்டரின் மூடி, ரோட்டர், இக்னிஷன் காயில், ஃபியூயல் ஃபில்டர், டேங்குக்குள் இருக்கும் பம்ப், ஆக்சிஜன் சென்சார், கடைசியாக பேட்டரி டெர்மினல். மாதக்கணக்கில் நேரம் போனது. வண்டியை இன்று விற்றால் வரும் பணத்தில் பாதிக்கு மேல் பார்ட்டுக்கும் கூலிக்கும் போனது. ஒவ்வொரு பார்ட் மாற்றிய பிறகும் சில நாள் நன்றாக ஓடும், "அப்பாடா, இதுதான்" என்று மூச்சு விடுவோம், மறுபடி நடுரோட்டில் நிற்கும். பணத்தைவிட இதுதான் ஆளைச் சோர வைக்கிறது. வேகமாகப் போகும்போது இன்ஜின் நின்றால் ஸ்டியரிங் கல்லாக இறுகும், பின்னால் வருகிறவன் ஹாரனை அமுக்குவான், கை நடுங்கும். வண்டியைத் தலைமுழுகிவிடலாம் என்று பல தடவை தோன்றியது. மேலே உள்ள பட்டியலில் கடைசிப் பொருளை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். மற்றதெல்லாம் பயனில்லாமல் போன செலவு என்றால், அது புதிய கோளாறையே உண்டாக்கிய செலவு.

விட்டு விட்டு வரும் கோளாறில் ஒரே ஒரு சங்கதிதான் முக்கியம். வண்டி செத்துக் கிடக்கும் அந்த அரை மணி நேரத்தில்தான் அது உண்மையைச் சொல்லும். ஓடுகிற வண்டியில் எதை அளந்தாலும் பெரும்பாலும் எல்லாம் சரியாகவே இருக்கும். ஆகவே சோதனைச் சாமான்கள் வீட்டில் இருந்து பயனில்லை, சீட்டுக்குப் பின்னால் இருக்க வேண்டும். பெரிதாக ஒன்றும் தேவையில்லை: 12 வோல்ட் டெஸ்ட் லேம்ப், மல்டிமீட்டர், பிளக் வயரில் மாட்டிப் பார்க்கும் ஸ்பார்க் டெஸ்டர், இரண்டு பக்கமும் முதலை கிளிப் உள்ள நீளமான வயர் இரண்டு மூன்று, ஒரு பாட்டில் தண்ணீர், ஒரு பழைய துணி. வண்டி நின்றதும் செல்ஃப் அடித்துப் பேட்டரியைத் தீர்க்காதீர்கள். பானெட்டைத் திறந்து வைத்துவிட்டுப் பெருமூச்சும் விடாதீர்கள், காற்றுப் பட்டால் ஆறிவிடும். பாதுகாப்பாக ஓரம் கட்டியதுமே கீழே சொல்லும் வரிசையில் பார்க்கத் தொடங்குங்கள்.

முதலில் சாவியை ஆஃப் செய்து மறுபடி ஆன் செய்யுங்கள், செல்ஃப் வேண்டாம். செக் இன்ஜின் விளக்கு எரிகிறதா? பின்பக்கம் பம்ப் ஒரு நொடி "ம்ம்" என்று உறுமி நிற்கிறதா? இரண்டுமே இல்லை என்றால் கம்ப்யூட்டருக்குக் கரண்ட்டோ எர்த்தோ போகவில்லை. அப்போது காயிலையும் பிளக்கையும் தொடவே வேண்டாம். விளக்கு எரிகிறது, பம்ப் மட்டும் பேசவில்லை என்றால் பம்ப் ரிலே, அதன் வயர், அல்லது மோதலின்போது பம்ப்பை நிறுத்தும் இனர்ஷியா சுவிட்ச். இரண்டுமே சரி என்றால் ஸ்பார்க் பக்கம் போகலாம். பிளக் வயர் ஒன்றில் டெஸ்டரை மாட்டி, இன்னொருவரைச் செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். ஸ்பார்க் நன்றாக வருகிறது, இன்ஜின் பிடிக்கவில்லை என்றால் எரிபொருள் பக்கம். ஃபியூயல் ரெயிலில் உள்ள வால்வில் கேஜ் மாட்டினால் இந்த ஆறு சிலிண்டருக்கு 45-லிருந்து 60 பிஎஸ்ஐ அழுத்தம் காட்ட வேண்டும். அதே வண்டியின் வி8 இன்ஜின்களுக்கு இதைவிடக் குறைவு, அந்த எண்ணை இதற்கு வைத்துக் குழம்ப வேண்டாம்.

ஸ்பார்க்கே இல்லையா? காயிலின் பாசிட்டிவ் முனையில் டெஸ்ட் லேம்பை வையுங்கள், சாவி ஆனில் பளிச்சென்று எரிய வேண்டும். எரியாவிட்டால் இக்னிஷன் சுவிட்ச் அல்லது வழியில் உள்ள வயர். எரிந்தால், லேம்பை நெகட்டிவ் முனைக்கு மாற்றிச் செல்ஃப் அடியுங்கள். படபடவென்று மின்னினால், காயிலுக்குக் கரண்ட்டை விட்டு விட்டுத் தரும் இக்னிஷன் மாட்யூல் வேலை செய்கிறது, காயில்தான் சந்தேகம். மின்னாமல் ஒரே சீராக எரிந்தால் காயில் சரி, அதைத் தட்டி எழுப்ப வேண்டிய மாட்யூலோ டிஸ்ட்ரிபியூட்டருக்குள் இருக்கும் சென்சாரோ உறங்குகிறது. இந்த வண்டியில் நின்ற நேரத்தில் கிடைத்த விடை இதுதான்: ஆடாமல் அசையாமல் ஒரே வெளிச்சம். புதிதாக வாங்கிய காயிலுக்கு வேலையே இல்லை என்பது அந்த ஒரு பல்பில் தெரிந்துவிட்டது. காயிலை ஓம் மீட்டரில் பார்க்க விரும்பினால் பிரைமரி 0.3-லிருந்து 1 ஓம், செகண்டரி 6,500-லிருந்து 11,500 ஓம். ஆனால் ஆறின காயில் எப்போதும் நல்ல பிள்ளை, சூடாக இருக்கும்போதே அளக்க வேண்டும்.

ஆர்.பி.எம். மீட்டர் உள்ள வண்டி என்றால் உங்களுக்கு இன்னொரு சாட்சி இலவசம். அந்த முள்ளுக்குச் செய்தி வருவது காயிலின் நெகட்டிவ் முனையிலிருந்து. வண்டி கியரில் உருண்டுகொண்டிருக்கும்போது இன்ஜின் இன்னும் சுற்றிக்கொண்டுதான் இருக்கும். அந்த நேரத்தில் முள் பொத்தென்று பூஜ்ஜியத்துக்கு விழுந்தால் ஸ்பார்க் பக்கம் அறுந்திருக்கிறது. முள் இன்ஜின் வேகத்தோடு சேர்ந்து மெல்ல இறங்கினால் காயில் துடிக்கிறது, பெட்ரோல் வரவில்லை. முழுதாக அணையும்போது முள் பொத்தென்று விழுந்தது. ஆனால் அந்தச் சின்ன வெட்டின்போது முள் அசையவே இல்லை. அதற்குப் பதிலாகச் செக் இன்ஜின் விளக்கு ஒரு சிமிட்டு சிமிட்டியது, பானெட்டுக்குள்ளே ரிலே "டக்" என்றது. இரண்டும் ஒரே நோய் இல்லை என்று அப்போதுதான் புரிந்தது. விட்டு விட்டு வரும் கோளாறை எல்லோரும் ஒரே காரணமாகத்தான் நினைப்போம். முப்பது வயது வண்டியில் இரண்டு காரணம் கைகோத்து நடப்பது சாதாரணம். ஒன்றைச் சரிசெய்த பிறகும் மற்றது நிற்க வைக்கும். உடனே "இதுவும் இல்லை" என்று சரியான வைத்தியத்தையே தூக்கி எறிந்துவிடுவோம்.

இனி எரர் கோட். ஸ்கேனர் எதுவும் வேண்டாம். இன்ஜின் அறையில் ஓட்டுநர் பக்கம் ஒரு பெரிய சோதனைக் கனெக்டரும், பக்கத்திலேயே தனியாகத் தொங்கும் ஒற்றை வயர்க் கனெக்டரும் இருக்கும். அந்த ஒற்றை முனையையும் பெரியதில் உள்ள சிக்னல் ரிட்டர்ன் (சென்சார்களின் எர்த்) முனையையும் ஒரு துண்டு வயரால் இணைத்துச் சாவியை ஆன் செய்தால் செக் இன்ஜின் விளக்கு மின்னிக் கணக்குச் சொல்லும். இந்த வருடத்து வண்டியில் இரண்டு இலக்கம், பின்னால் வந்த மாடல்களில் மூன்று இலக்கம். முதலில் இப்போது இருக்கும் கோளாறுகள் இரண்டு தடவை வரும், பிறகு ஒற்றை மின்னல், அதற்குப் பின் வருபவை மெமரியில் தங்கியிருக்கும் பழைய கோளாறுகள். விட்டு விட்டு வரும் நோய்க்கு அந்த இரண்டாம் பகுதிதான் வேண்டும். முதலில் 11 வந்ததும் "எல்லாம் பாஸ்" என்று வயரைப் பிடுங்கிவிடாதீர்கள். பிடுங்கினால் மெமரியும் அழிந்துபோகும், ஏனென்றால் கோட் மின்னும்போது வயரை எடுப்பதுதான் அழிக்கும் முறையே.

அதைவிடப் பெரிய கெடுதல், எதற்கெடுத்தாலும் பேட்டரியைக் கழற்றும் வழக்கம். வேலை தொடங்கும் முன் பேட்டரி நெகட்டிவைக் கழற்றுவது நல்ல பழக்கம்தான். ஆனால் கோட் படிப்பதற்கு முன் கழற்றினால் கம்ப்யூட்டர் சேர்த்து வைத்திருந்த தடயம் முழுவதும் போச்சு. ஒர்க்‌ஷாப்பில் ஒவ்வொரு முறையும் அதைத்தான் செய்திருக்கிறார்கள். நீங்கள் வண்டியை விடும் முன்பே படித்து, தாளில் எழுதிக் கையில் கொடுத்துவிடுங்கள்.

இந்த வண்டியில் மெமரியில் கிடைத்தவை 14, 18, சில சமயம் 15. 14 என்றால் இன்ஜின் சுற்றும் நிலையைச் சொல்ல டிஸ்ட்ரிபியூட்டரிலிருந்து வரும் பிப் சிக்னல் இடையில் அறுந்தது. 18 என்றால் காயில் துடித்ததற்கான பதில் செய்தி கம்ப்யூட்டருக்குத் திரும்பி வரவில்லை. இரண்டும் சேர்ந்தால் கை நேராக டிஸ்ட்ரிபியூட்டரைக் காட்டுகிறது. மெமரியில் வரும் 15-ஐப் பலரும் தள்ளிவிடுவார்கள், பேட்டரி கழற்றினாலே அது வரும் என்று. உண்மைதான். அதனால் ஒருமுறை எல்லாவற்றையும் அழித்துவிட்டு, பேட்டரியைத் தொடாமல் ஓட்டி, மறுபடி படிக்க வேண்டும். யாரும் எதையும் கழற்றாமலே 15 திரும்ப வந்தால், ஓடும் வண்டியில் கம்ப்யூட்டரின் ஞாபகத்தைக் காக்கும் மின்சாரமே ஒரு கணம் போயிருக்கிறது என்று பொருள். அப்படி மெமரி அழியும்போது 14, 18 இருந்திருந்தாலும் சேர்ந்தே அழியும். "கோட் எதுவும் இல்லை" என்ற விடையே ஒரு கோட்தான்.

வெட்டு கண் இமைக்கும் நேரம்தான் நீடிக்கிறது, அதற்குள் பானெட்டைத் திறக்க முடியாது. ஆகவே கண்ணை அங்கே கொண்டுபோக முடியாவிட்டால் வயரை இங்கே கொண்டுவர வேண்டும். இந்த மாடலில் கம்ப்யூட்டரின் 60 பின் கனெக்டர் ஓட்டுநர் பக்க ஃபயர்வாலில் (இன்ஜின் அறைக்கும் கேபினுக்கும் நடுவே உள்ள தடுப்பு), பிரேக் மாஸ்டர் சிலிண்டருக்குக் கீழே இருக்கிறது, நடுவில் ஒரு 10 மி.மீ. போல்ட். பேட்டரியைக் கழற்றிய பிறகே அதைப் பிரிக்க வேண்டும். கவனிக்க வேண்டிய பின்கள்: 37, 57 ரிலே வழியாக வரும் முக்கிய மின்சாரம், 40, 60 எர்த், 1 எப்போதும் இருக்கும் மெமரி மின்சாரம், 26 சென்சார்களுக்கான 5 வோல்ட், 46 சிக்னல் ரிட்டர்ன், 56 பிப், 36 ஸ்பவுட் (ஸ்பார்க் எப்போது என்று கம்ப்யூட்டர் மாட்யூலுக்குச் சொல்லும் சிக்னல்). ஒரு எல்.இ.டி.யை 1 கிலோ ஓம் ரெசிஸ்டரோடு 37-இல் சேர்த்து டாஷ்போர்டில் ஒட்டினேன், இன்னொன்றைக் காயில் பாசிட்டிவில். பேட்டரியிலிருந்து வரும் எந்த வயரிலும் தொடக்கத்திலேயே 1 ஆம்பியர் பியூஸ் போடுங்கள், கதவு இடுக்கில் நசுங்கினால் தீப்பிடிக்கும். கம்ப்யூட்டர் வயர்களில் சாதாரண பல்ப் டெஸ்ட் லேம்பை வைக்காதீர்கள், அது இழுக்கும் கரண்ட்டை அந்தச் சின்ன சர்க்யூட்கள் தாங்காது. பின் பக்கமாக மெல்லிய ஊசியை நுழைத்து அளங்கள், வயரின் தோலைக் குத்தினால் அந்த ஓட்டையில் ஈரம் இறங்கி அடுத்த மழைக்காலத்தில் புதுக் கோளாறு முளைக்கும்.

மல்டிமீட்டரை வைத்த இடம்தான் விடையைக் கொடுத்தது. கறுப்பு முனை பேட்டரி நெகட்டிவ் கம்பத்தில், டெர்மினல் மேல் அல்ல, ஈயக் கம்பத்திலேயே. சிவப்பு முனை கம்ப்யூட்டரின் 40-ஆம் பின்னில். இன்ஜின் ஓட, விளக்கு, ஹீட்டர் ஃபேன் எல்லாம் ஆன். நல்ல எர்த் என்றால் 0.1 வோல்ட்டுக்கு மேல் காட்டக் கூடாது. இங்கே 0.6 காட்டியது. உதவிக்கு வந்தவர் பேட்டரி பக்கம் கை வைத்ததும் 2 வோல்ட்டைத் தாண்டிக் குதித்தது, இன்ஜின் ஒரு வெட்டு வெட்டியது. அத்தனை மாதம் ஓடி ஒளிந்த ஆள் கை எட்டும் தூரத்தில்! இந்த வண்டிகளில் கம்ப்யூட்டருக்கென்று தனியாக ஒரு மெல்லிய எர்த் வயர் நேராக பேட்டரி நெகட்டிவ் கேபிளின் அருகே வந்து சேர்கிறது. பழைய கேபிள் தலையை வெட்டிவிட்டு, இரண்டு போல்ட் போட்ட கடை டெர்மினலை மாட்டியவர்கள் தடித்த கேபிளையும் இந்த மெல்லிய வயரையும் ஒரே தகட்டின் கீழ் நெருக்கியிருந்தார்கள். தடித்த கேபிள் தகட்டைத் தாங்கிக்கொண்டது, மெல்லியது அடியில் தளர்ந்து கிடந்தது. டேப்பை உரித்தபோது இழைகளில் பாதிக்கு மேல் அறுந்து, மிச்சம் பச்சைப் பொடி பூத்திருந்தது.

இதே வயரை ஓம் மீட்டரில் வைத்தபோது பூஜ்ஜியத்தை ஒட்டித்தான் காட்டியது. இதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பாதிப் பேர் ஏமாறுவது இங்கேதான். ஓம் மீட்டர் அனுப்புவது துளியளவு கரண்ட். ஒரே ஒரு இழை உயிரோடு இருந்தாலும் அது பாஸ் போட்டுவிடும். ஆனால் கம்ப்யூட்டர் ஆறு இன்ஜெக்டரையும் ரிலேக்களையும் இழுத்துப் பிடிக்கும் கரண்ட் முழுவதும் அந்த எர்த் வழியாகத்தான் இறங்க வேண்டும். ஒற்றை இழை அதைத் தாங்காது. ஆகவே வயரை வேலை செய்ய விட்டு, அதன் இரு முனைக்கும் நடுவே எவ்வளவு வோல்ட் தங்குகிறது என்று அளப்பதுதான் சோதனை. எர்த் மேலே ஏறினால் கம்ப்யூட்டர் குழம்பி ரீசெட் ஆகிறது, இன்ஜெக்டர்கள் ஒரு கணம் மூடிக்கொள்கின்றன. இக்னிஷன் மாட்யூலுக்கோ தன் எர்த் தனி. ஸ்பவுட் சிக்னல் வராவிட்டால் அது பிப்பை வைத்தே ஸ்பார்க் கொடுத்துக்கொண்டிருக்கும். முள் அசையாத காரணம் இதுதான்.

சரிசெய்தது எளிது. கெட்ட பகுதியை வெட்டி எறிந்து, பளபளப்பான செம்பு வரும் வரை பின்னால் போய், அதே தடிமன் வயரைச் சால்டர் செய்து, பசை உள்ள ஹீட் ஷ்ரிங்க் போட்டு, தனி வளையம் அழுத்தி, டெர்மினல் போல்ட்டில் தனியாக மாட்டினால் போதும். அளவு 0.03 வோல்ட்டுக்கு இறங்கியது. இதோடு இன்ஜின் பிளாக்கிலிருந்து ஃபயர்வாலுக்கும் சேசிஸுக்கும் போகும் எர்த் பட்டைகளையும் கழற்றிச் சுரண்டி மாட்டுங்கள். பாசிட்டிவ் பக்கத்தையும் இதே முறையில் பேட்டரி பாசிட்டிவுக்கும் 37-ஆம் பின்னுக்கும் நடுவே அளங்கள், அரை வோல்ட்டைத் தாண்டினால் கம்ப்யூட்டர் ரிலே, அதன் சாக்கெட், ஸ்டார்ட்டர் ரிலே பக்கம் உள்ள ஃப்யூசிபிள் லிங்க் (பியூஸ் போல எரிந்து அறும் வயர்த் துண்டு) என்று ஒவ்வொரு இணைப்பாகப் பின்னால் போகலாம். ஃப்யூசிபிள் லிங்கை லேசாக இழுத்தால் ரப்பர் போல நீண்டால் உள்ளே வயர் எரிந்துவிட்டது. சாவியை ஆட்டினாலோ, சாய்க்கும் ஸ்டியரிங்கை மேலும் கீழும் நகர்த்தினாலோ காயிலில் மாட்டிய எல்.இ.டி. மின்னினால் இக்னிஷன் சுவிட்ச்.

வெட்டு நின்றது. சூட்டில் அணைவது நிற்கவில்லை. இப்போது மாட்யூல். டிஎஃப்ஐ எனப்படும் இந்தப் பெட்டி டிஸ்ட்ரிபியூட்டரின் பக்கவாட்டிலேயே திருகப்பட்டிருக்கிறது. தன் சூட்டோடு இன்ஜினின் சூட்டையும் சேர்த்து வாங்கிக்கொள்ளும். ஓடும்போது காற்றாவது வரும். நிறுத்தியதும் இன்ஜினின் வெப்பம் மேலேறி அதை வேக வைக்கும். சிக்னலில் நின்ற பிறகு செத்துப்போவதன் காரணம் அதுதான். பிற்கால மாடல்களில் இதை டிஸ்ட்ரிபியூட்டரை விட்டு விலக்கி, அலுமினியத் தகட்டோடு வேறு இடத்தில் வைத்தார்கள். நிரூபிக்க இரண்டு வழி. நின்ற உடனே ஈரத்துணியை மாட்யூல் மேல் போர்த்திச் சில நிமிடம் காத்திருங்கள். வேறு எதையும் ஆற விடாமல் அது மட்டும் ஆறியதும் ஸ்டார்ட் ஆனால் சந்தேகம் உறுதி. இன்னொன்று, ஆறின இன்ஜினை ஐடிலில் ஓடவிட்டு ஹேர் டிரையரால் மாட்யூலை மட்டும் சுட வைப்பது. வயர்களில் நேராகப் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள், விரல் வைக்க முடியாத சூடு வந்ததும் இந்த இன்ஜின் அணைந்தது.

ஆனாலும் மாட்யூல்தான் என்று முடிவு கட்டும் முன் அதன் பக்கத்து வீட்டுக்காரனையும் விசாரிக்க வேண்டும். டிஸ்ட்ரிபியூட்டருக்குள் இருக்கும், காந்தத்தை உணரும் ஹால் சென்சார்தான் பிப் சிக்னலின் பிறப்பிடம், அதுவும் சூட்டில் சாகும். செத்த நேரத்தில் செல்ஃப் அடித்துக்கொண்டே 56-ஆம் பின்னை அளங்கள். மல்டிமீட்டர் சராசரியைத்தான் காட்டும் என்பதால் பேட்டரி வோல்ட்டில் சுமார் பாதி ஆடிக்கொண்டிருக்க வேண்டும். அது இருந்து காயில் நெகட்டிவ் மின்னவில்லை என்றால் மாட்யூல் குற்றவாளி. அதுவே இல்லை என்றால் சென்சார் என்று உடனே சொல்லிவிட முடியாது, ஏனென்றால் சிக்னல் மாட்யூல் வழியாகத்தான் வெளியே வருகிறது. உள்ளே ஷார்ட் ஆன மாட்யூல் நல்ல சிக்னலையும் அமுக்கிவிடும். விலையும் வேலையும் குறைந்த மாட்யூலை முதலில் மாற்றுங்கள். சென்சாரை மாற்ற டிஸ்ட்ரிபியூட்டரை வெளியே எடுத்து, கியரைப் பிரஸ்ஸில் கழற்ற வேண்டும். அதற்குப் பலரும் முழு டிஸ்ட்ரிபியூட்டரையே மாற்றிவிடுவார்கள், அது தப்பில்லை.

மாட்யூலைக் கழற்ற 5.5 மி.மீ. மெல்லிய சுவர் சாக்கெட் வேண்டும், சாதாரண சாக்கெட் அந்த இடுக்கில் நுழையாது. திருகுகளை எடுத்ததும் வெளியே இழுக்காதீர்கள். முதலில் கீழ்ப்பக்கமாக நகர்த்தி உள்ளே செருகியிருக்கும் மூன்று முனைகளை விடுவித்த பிறகே வெளியே எடுக்க வேண்டும், இல்லையென்றால் முனை உடைந்து டிஸ்ட்ரிபியூட்டரும் போகும். புதியதன் உலோக முதுகில் கம்ப்யூட்டர் கடைகளில் கிடைக்கும் வெப்பம் கடத்தும் பேஸ்ட்டை மெல்லிய படலமாக, ஓரம் விடாமல் பூசுங்கள். பேஸ்ட் இல்லாமல் மாட்டினால் புதியதும் சீக்கிரமே பழைய பாட்டைப் பாடும். சாம்பல் நிற மாட்யூல், கறுப்பு மாட்யூல் இரண்டும் ஒரே வடிவம்தான், ஆனால் ஒன்றின் இடத்தில் மற்றதைப் போடக் கூடாது, ஒரு பின்னின் வேலையே வேறு. கழற்றியது என்ன நிறமோ அதே நிறம். மலிவான மாட்யூல் பெட்டியைப் பிரிக்கும்போதே செத்திருப்பதும் உண்டு, ஆகவே பொருத்தியதும் ஹேர் டிரையர் சோதனையை அதற்கும் செய்துவிடுங்கள். பிளக் வயர்கள் மாட்யூல் வயர்களை ஒட்டிப் போகக் கூடாது. ரெசிஸ்டர் இல்லாத பிளக்கோ, உள்ளே வெறும் செம்புக் கம்பி உள்ள பிளக் வயரோ போட்டால் அந்த இரைச்சலே பிப் சிக்னலைக் குழப்பி 14-ஐ வரவழைக்கும்.

கம்ப்யூட்டரே போய்விட்டது என்று சொல்பவர்களை உடனே நம்ப வேண்டாம், பெரும்பாலும் அதற்குப் போகும் கரண்ட்டும் எர்த்தும்தான் போயிருக்கும். ஆனால் இந்த வயதில் ஒருமுறை திறந்து பார்ப்பது நல்லது. போர்டில் மூன்று சின்ன எலெக்ட்ரோலிட்டிக் கபாசிட்டர்கள் இருக்கும், வழக்கமாக 47 மைக்ரோஃபாரட் 16 வோல்ட் இரண்டு, 10 மைக்ரோஃபாரட் 63 வோல்ட் ஒன்று. வயதானால் அவற்றின் அடியிலிருந்து திரவம் கசிந்து செம்புத் தடங்களை அரிக்கும். மூடியைத் திறந்ததும் கருவாட்டு வாடை அடித்தால் வேறு சாட்சி வேண்டாம். இந்த போர்டில் ஒன்றின் காலடியில் மட்டும் பழுப்புக் கறை, தடம் தப்பித்திருந்தது. மூன்றையும் 105 டிகிரி தாங்கும் வகையில் மாற்றி, கறையை ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் பழைய டூத் பிரஷ் கொண்டு கழுவி, உலர விட்டு மூட வேண்டும். போர்டு மேல் பூசிய மெல்லிய வார்னிஷை முதலில் சுரண்டினால்தான் சால்டர் பிடிக்கும். கழற்றும் முன் பாசிட்டிவ், நெகட்டிவ் எந்தப் பக்கம் என்று போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள், போர்டில் அச்சிட்டிருப்பதை மட்டும் நம்ப வேண்டாம். தடம் அறுந்திருந்தால் மெல்லிய வயரால் பாலம் போடலாம். அதற்கும் மேல் அரித்திருந்தால் வேறு கம்ப்யூட்டர் தேட வேண்டியதுதான், அப்போது ஸ்டிக்கரில் உள்ள காலிப்ரேஷன் குறியீடு உங்களுடையதோடு எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போக வேண்டும். பெட்டியும் கனெக்டரும் ஒன்றாக இருப்பதால் மாட்டிவிட முடியும், ஆனால் வேறு இன்ஜினுக்கோ வேறு கியர்பாக்ஸுக்கோ எழுதிய கணக்கு உள்ளே இருந்தால் அடுத்த தேடல் அங்கிருந்து தொடங்கும்.

டிஸ்ட்ரிபியூட்டரைத் தொட்டிருந்தால் கடைசியாக டைமிங், அதாவது ஸ்பார்க் விழும் நேரம். கழற்றும் முன் ரோட்டர் எந்தப் பக்கம் பார்க்கிறது, உடல் எந்தக் கோணத்தில் நிற்கிறது என்று இரண்டையும் குறித்திருக்க வேண்டும். இன்ஜின் சூடாக இருக்கும்போது ஸ்பவுட் வயரில் உள்ள சின்ன பிளக்கை உருவினால் கம்ப்யூட்டர் டைமிங்கில் தலையிடாது. அப்போது டைமிங் லைட்டில், பிஸ்டன் உச்சிக்கு வருவதற்கு 10 டிகிரி முன்னால் காட்ட வேண்டும், பானெட்டுக்கு அடியில் ஒட்டிய ஸ்டிக்கர் வேறு எண் சொன்னால் அதுதான் கணக்கு. போல்ட்டை இறுக்கிய பிறகு இன்னொரு முறை பாருங்கள், இறுக்கும்போது உடல் நகரும். பிறகு ஸ்பவுட் பிளக்கைத் திரும்பச் செருகுங்கள். மறந்தால் வண்டி ஓடும், அணையாது, ஆனால் இழுவை இருக்காது, பெட்ரோலைக் குடிக்கும். அந்தப் பிளக் கைவிரல் நகம் அளவுதான், பானெட்டை மூடும் முன் அது உங்கள் சட்டைப் பையில் இல்லை என்று பார்த்துவிடுங்கள்.